மேடம் பேர் சொல்லவில்லை

எங்கள் கல்லூரியில் கவுன்சிலிங் அறையை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? ஜெராக்ஸ் கடைக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் நடுவில். அடையாற்றில் அத்தனை பெரிய வளாகம். மரங்கள், மைதானம், யாரும் எட்டிப் பார்க்காத பழைய கட்டடம் என்று இடத்துக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் மனசு சரியில்லாதவர்கள் போய் உட்கார வேண்டிய அறையை, கூட்டம் குறையவே குறையாத இரண்டு இடங்களுக்கு நடுவில் கொண்டுபோய்ச் செருகிய புத்திசாலி யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் நேரில் போய் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வருவேன்.

அதனால் அங்கே போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கையில் ஏதாவது ஒரு தாளோடு போக வேண்டும். ஜெராக்ஸ் வரிசையில் நிற்பது போல் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர்கள் அசந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டில் நகர்ந்து, கதவைத் தள்ளி உள்ளே போய்விட வேண்டும். நான் ஒரு பழைய வினாத்தாளைக் கொண்டுபோவேன். எப்போதும் அதே தாள்தான். ஓரமெல்லாம் நைந்து துணி மாதிரி ஆகிவிட்டது. ஒரு தடவைகூட அதை ஜெராக்ஸ் எடுத்ததில்லை.

நான் அங்கே போனதற்குக் காரணம் பரீட்சை. படிக்காத பெண் இல்லை நான். வகுப்பில் பாதிப் பேருக்கு நான்தான் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் ஹாலில் உட்கார்ந்து வினாத்தாள் கைக்கு வந்ததும் உடம்பு என் பேச்சைக் கேட்காது. உள்ளங்கை வேர்க்கும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். எழுத்து கண்ணுக்குத் தெரியும், மண்டையில் ஏறாது. இழுத்த மூச்சு பாதியில் நின்றுவிடும். முதல் வருடத்தின் இரண்டாவது செமஸ்டரில் ஒரு பேப்பரை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அதைப் பார்த்த வகுப்பு ஆசிரியைதான் கவுன்சிலிங் மேடத்திடம் அனுப்பினார்.

வீட்டில் இதைச் சொல்ல முடியாது. எங்கள் அப்பாவுக்கு தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பெரிய கடைகளின் நிழலில் முட்டி மோதி நின்ற கடை. அப்பா கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கலே. பிள்ளைகள் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது. அக்கா காலேஜில் இரண்டு அரியர் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதபோது, "இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ கஷ்டப்படுத? விடு" என்று சொல்லிப் படிப்பை நிறுத்திவிட்டார். அடுத்த வருடமே அவளுக்குக் கல்யாணம். அக்காவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எல்லாம் பாசம்தான். எனக்கு எம்.காம். வரை படிக்க வேண்டும் என்று இருந்தது. பரீட்சை ஹாலில் எனக்கு என்ன ஆகிறது என்று அப்பாவுக்குத் தெரிந்தால், அந்தப் பாசம் என் படிப்பின் மேலும் வந்து உட்காரும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

முதல் நாளே மேடத்திடம் இதைச் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாது, வகுப்பில் யாருக்கும் தெரியக் கூடாது என்றேன். அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார். பேசுகிறவர் எதிரில் மணி பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார் என்று பின்னால் புரிந்தது. மேசையில் ஒரு கடலைமிட்டாய் டப்பா எப்போதும் இருக்கும். அதை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்.

"இந்த ரூமுக்குள்ள சொன்னது இந்தச் சுவரைத் தாண்டாது. உங்க எச்.ஓ.டி. வந்து கேட்டாலும் சரி, உங்கப்பாவே வந்து கேட்டாலும் சரி. இது என் தொழில் தர்மம். நீ தைரியமா பேசு."

நான் பேசினேன். கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே அழுதேன். வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைக் குறுக்கே பேசாமல் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறவர்கள், கேட்பதற்கு ஆள் மிச்சம் இருக்காது.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள், பேசிக்கொண்டே இருந்த என்னை மேடம் கை காட்டி நிறுத்தினார்.

"கையில என்னம்மா பண்ணிட்டு இருக்க?"

குனிந்து பார்த்தேன். என் துப்பட்டாவின் நுனியை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல். வெட்கமாகப் போய்விட்டது. "கடைப் பழக்கம் மேடம்" என்றேன். கடையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் புடவை புடவையாக விரித்துக் காட்டுவார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் போன பிறகு, விரித்ததையெல்லாம் மடித்து அடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. பாதியாக, அதில் பாதியாக, பார்டர் வெளியே தெரியும்படி ஒரு திருப்பு, கடைசியில் உள்ளங்கை விளிம்பால் ஒரு நீவு. கடையில் வேலை செய்கிற அண்ணன்களைவிட நான் வேகமாக மடிப்பேன்.

மேடத்துக்கு முகமே மலர்ந்துவிட்டது. தன் முந்தானையை எடுத்து, சொல்லிக்கொடு என்றார். கோணல்மாணலாக மடித்தார். நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு, "இப்ப நீ மடி. மடிக்கறப்ப உன் மூச்சு எப்படிப் போறதுன்னு மட்டும் பாரு" என்றார். பார்த்தேன். மூச்சு ஒரே சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதையே ஹால்ல பண்ணு. மடியில வச்சு மடி. பிரி, திரும்ப மடி. அப்புறம் பேப்பரைப் பாரு."

அந்த செமஸ்டரில் ஹாலில் உட்கார்ந்து துப்பட்டா நுனியை மடித்தேன். பாதி, பாதி, திருப்பு, நீவு. படபடப்பு வந்தது, ஆனால் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் கேள்விகள் கேள்விகளாகத் தெரிந்தன. எல்லாப் பேப்பரும் தேறினேன், பழைய அரியரையும் சேர்த்து. அதற்கடுத்த செமஸ்டரிலும் அப்படியே. பக்கத்து பெஞ்சில் உட்காரும் என் தோழி மட்டும் கவனித்துவிட்டாள். பட்டினப்பாக்கத்துக்காரி, அவள் அம்மா மயிலாப்பூரில் மீன் விற்பவர். "இன்னாடி, எக்ஸாம் ஹால்ல துணி மடிச்சினு கீற? சலவைக்குப் போடப் போறியா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மற்றவர்களும் பார்த்திருப்பார்கள், ஏதோ பழக்கம் என்று விட்டிருப்பார்கள். அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், நானும் மேடமும்.

அந்த நாட்களில் மேடத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும் என்பது ஊரறிந்தது. அந்தக் கோபத்தை முழுவதும் அவருக்குக் காவல் வைத்திருந்தேன்.

மூன்றாம் வருடம் அக்டோபரில் கல்லூரியைத் தரம் பார்க்க ஒரு குழு வரப்போகிறது என்றார்கள். ஒரு மாதமாகச் சுவரெல்லாம் வெள்ளை அடித்தார்கள். வாடகைக்குப் பூந்தொட்டிகள் வந்தன. கவுன்சிலிங் அறைக்குக்கூட புதுத் திரை போட்டார்கள், வெளிர் பச்சையில். ஒவ்வொரு துறையும் தாங்கள் செய்த சாதனை ஒன்றை மேடையில் சொல்ல வேண்டும் என்று பிரின்சிபால் உத்தரவு. மாணவர் மனநலத்துக்கென்று ஒரு தனி நிகழ்ச்சியே வைத்தார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, முதல் வரிசையில் குழுவினர், பின்னால் நாங்கள் எல்லோரும்.

மேடம் பட்டுப்புடவையில் வந்திருந்தார். மைக்கைப் பிடித்ததும் கொஞ்சம் தடுமாறினார். எனக்கு மனசுக்குள், நன்றாகப் பேச வேண்டுமே என்று பதைப்பு. கை தட்டத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"நான் ஒரு மாணவியைப் பத்திச் சொல்லப் போறேன். பேர் சொல்ல மாட்டேன். பேர் சொல்றது எங்க தொழில் தர்மத்துக்கு விரோதம்."

அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன், சத்தியமாகத் தட்டினேன்.

"அவ அப்பா ஜவுளிக்கடை வச்சிருக்கார். பரீட்சை ஹால்ல உக்கார முடியாம வெளிய ஓடி வந்து அழுத பொண்ணு. வீட்டுல சொல்லவே பயப்படுவா. அவளுக்கு மருந்து எதுன்னு நெனைக்கிறீங்க? அவ கையிலயே இருந்தது."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் விட்டு விட்டுத்தான் கேட்டேன். கடைசியில், "எல்லாரும் துப்பட்டாவையோ கர்ச்சீஃபையோ எடுங்க. அவ எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் உங்களுக்குச் சொல்லித் தரேன்" என்றார். பாதியாக. அதில் பாதியாக. ஓரம் வெளியே தெரிய ஒரு திருப்பு. உள்ளங்கையால் ஒரு நீவு. அரங்கம் முழுவதும் சரசரவென்று துணி மடிக்கிற சத்தம். முதல் வரிசையில் ஒரு பெரியவர் தனக்குப் போட்ட பொன்னாடையையே எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

மடிக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். அதுவே என்னைக் காட்டிக்கொடுத்தது. என் வகுப்புப் பெண்கள் குனிந்து மடித்தார்கள், ஒருத்தி கையை நிறுத்தினாள், பிறகு இன்னொருத்தி. பரீட்சைக்குப் பரீட்சை இதை எங்கே பார்த்தோம் என்பது ஒவ்வொருத்திக்கும் ஞாபகம் வந்த நேரம் எனக்குத் தெரிந்தது. வரிசை வரிசையாகத் தலைகள் என் பக்கம் திரும்பின.

தோழி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "யாரையும் பாக்காத. நேரா பாரு. நான் கீறேன்ல" என்றாள். அவள் மடியில் துப்பட்டா பாதி மடித்தபடி கிடந்தது.

அதற்குப் பிறகு யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கு வாய் இருக்கிறது. எல்லோரும் அன்பாக இருந்தார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேசியே பழகாதவள் கேன்டீனில் வந்து, "நீ ரொம்ப தைரியம்டி" என்று தோளைத் தட்டினாள். ஒருத்தி என் முன்னால் குரலைத் தாழ்த்தியே பேச ஆரம்பித்தாள், ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவள் மாதிரி. காதும் காதும் வைத்தாற்போல் நான் காத்து வந்ததை மேடம் தமுக்கடித்துச் சொன்னார், ஊர் என்மேல் இரக்கப்படக் கிளம்பிவிட்டது.

அடுத்த நாள் கையில் தாள் எதுவும் இல்லாமல் போனேன். ஜெராக்ஸ் வரிசையில் நிற்கவில்லை. எல்லோரும் பார்க்க நேராகக் கதவைத் திறந்து உள்ளே போனேன். மேடம் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"பாத்தியா? குழுத் தலைவர் தனியாக் கூப்பிட்டுப் பாராட்டினார். நீ பெருமைப்படணும்மா. எத்தனை பேருக்கு இது உபயோகமா இருக்கும்!"

"சுவரைத் தாண்டாதுன்னு சொன்னீங்களே மேடம்."

"பேர் சொல்லலையேம்மா. எங்கயாவது ஒரு இடத்துல உன் பேர் வந்துதா?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் என்னை இன்றும் எரிக்கிறது. பேரை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பொதுச்சொத்து என்று அவர் மனதார நம்பினார். என் அப்பாவின் கடை, நான் ஓடி வந்த வராந்தா, என் கை, எல்லாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்" என்றேன்.

அவர் மெதுவாக, உண்மையாகச் சொன்னார்.

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

கைக்கடிகாரம் அன்றைக்கு அவர் கையிலேயே இருந்தது. கடலைமிட்டாய் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுக்காமல் வந்துவிட்டேன்.

தீபாவளி நெருங்கியதால் கடையில் கூட்டம் அள்ளியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா புடவை எடுக்க வந்திருந்தார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அப்பாவிடம் திரும்பினார். நல்ல மனுஷிதான், நல்லதாகத்தான் சொன்னார்.

"உங்க பொண்ணா சார் அது? எம்பொண்ணு வந்து சொல்லிச்சு. பாவம், மனசுல அவ்ளோ கஷ்டத்தை வச்சுக்கினு, துணிய மடிச்சு மடிச்சே பரிட்ச எழுதுதாமே. காலேஜே கைதட்டிச்சாம்."

அப்பா பில் போடுவதை நிறுத்தினார். அந்த அம்மா போன பிறகு என் அருகில் வந்து, என் கையிலிருந்த புடவையை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"நீ மடிக்க வேண்டாம்மா. உக்காரு. அவங்க மடிப்பாங்க."

"நான் மடிக்கேன்ப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல."

"சொல்லுதேன்ல, உக்காரு."

என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சின்ன வயதிலிருந்து நான் நிமிர்ந்து நின்ற ஒரே இடம் புடவை விரிக்கிற அந்த மேடைதான். அங்கே நான் யாருக்கும் பாவம் இல்லை, வேகமாக மடிக்கிறவள். அன்றைக்குக் கடையில் எல்லோரும் என் கையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். மறுநாள் காலை அப்பா நான் எதிர்பார்த்ததையே சொன்னார். "மனசு கெடுற அளவுக்கு எதுக்கும்மா படிப்பு? ஒன்ன வேலைக்கு அனுப்பியா நாங்க சாப்பிடப் போறோம்?" நான் கத்தவில்லை, கெஞ்சினேன். டிகிரியை மட்டும் முடித்துக்கொள்கிறேன், அதற்கு மேல் படிக்கக் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எம்.காம். அந்தக் காலை நேரத்தில், இட்லித் தட்டுக்கு முன்னால் போனது.

நவம்பரில் பரீட்சை. முதல் பேப்பர் காஸ்ட் அக்கவுண்டிங், எனக்குப் பிடித்த பாடம். வினாத்தாள் வந்தது, படபடப்பும் வந்தது. கை தானாகத் துப்பட்டாவுக்குப் போனது. உடனே நின்றது. என்னைச் சுற்றிப் பேனா ஓடும் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. மேற்பார்வைக்கு வந்திருந்தவர் வேறு துறை ஆசிரியை, என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவர் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மடிச்சுக்கோம்மா. பரவால்ல. யாரும் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாங்க, நீ மடி."

அந்த ஹால் முழுவதும் எனக்காகக் காத்திருந்தது. நான் மடிக்க வேண்டும், மடித்துத் தேற வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். துப்பட்டாவைக் கையில் எடுத்தேன். பாதியாக மடித்தேன். அதற்கு மேல் எப்படி மடிப்பது என்று என் கைக்குத் தெரியவில்லை. எட்டு வயதிலிருந்து மடித்த கை. மூச்சு பாதியில் நின்றது. நான் எழுந்து வெளியே வந்து, முன்பு உட்கார்ந்து அழுத அதே வராந்தாவில் போய் உட்கார்ந்தேன்.

மற்ற பேப்பர்களைக் கோபத்தில் எழுதினேன். பொய்யில்லை. உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டு, மனசுக்குள் மேடத்தோடு சண்டை போட்டுக்கொண்டே எழுதினேன். ஏப்ரலில் அந்த அரியரையும் அப்படித்தான் முடித்தேன். டிகிரி வந்தது. அப்பா லட்டு வாங்கி வந்து கடை முழுவதும் கொடுத்தார். மேலே படிப்பதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அப்பாவிடம் அதற்குத் தனியாக ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. கடைக்குப் போனால் கல்லாவில் உட்காருவதோடு சரி. வீட்டில் என் பீரோவில் எல்லாத் துணிகளும் ஹேங்கரில்தான் தொங்கும், துப்பட்டா உட்பட. மடிக்க வராது என்று இல்லை. பிடிக்கவில்லை.

போன மாதம் தோழி ஒரு வீடியோ அனுப்பினாள். "பாக்கறதுன்னா பாரு, இல்லாட்டி அழிச்சுடு" என்று கீழே எழுதியிருந்தாள். பார்த்தேன். வேறொரு கல்லூரி, வேறொரு மேடை. மேடத்துக்குத் தலை கொஞ்சம் நரைத்திருந்தது. மைக்கில் இப்போது தடுமாற்றமே இல்லை. எதிரில் நிறையப் பிள்ளைகள் குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருத்திக்கு அது உதவியிருக்கலாம், உதவட்டும். கடைசியில் மேடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு இப்ப ரொம்ப நல்லா இருக்கா." அன்றைக்கு அந்த அறையை விட்டு வந்த பிறகு அவர் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை.

அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். இதில் யார் பேரையும் நான் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஓர் அறை, வெளிர் பச்சைத் திரை, மேசையில் கடலைமிட்டாய் டப்பா, கழற்றிக் கவிழ்த்து வைத்த ஒரு கைக்கடிகாரம். எங்களோடு படித்தவர்களுக்கு இது போதும். எழுதுவதற்கு முன் மேடத்தை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோழி சொன்னாள்.

கேட்டால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.